நாய்க்கு எறியும் ஈரலும் சிறுநீரகத்து நீர்ப்பையும்



ஹஜ்ஜுப் பெருநாள் அன்று உழ்ஹிய்யாப் பிராணியின் ஈரலைக் கழுவிக் கொண்டிருக்கிறீர்கள். அதில் வெண்மையாக, நீர் நிறைந்த ஒரு குமிழி தென்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். என்ன செய்வீர்கள்? அந்தப் பகுதியை அரிந்தெடுத்து, பின் வாசலில் காத்து நிற்கும் தெரு நாயிடம் வீசி விடுவீர்கள். நம்மில் அநேகர் செய்வது அதுதான். "வீணாகப் போவதை ஒரு வாயில்லா ஜீவன் தின்னட்டுமே" என்ற நல்லெண்ணமும் அதில் இருக்கிறது.

ஆனால் அந்தக் குமிழிக்கும், பல வருடங்களுக்குப் பின் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தில் வளர்ந்து நிற்கக்கூடிய ஒரு நீர்ப்பைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதனைத் தெரிந்து கொள்வதே இம்மாத நோக்கம். இது அரிதான நோய். ஆகவே, படித்துவிட்டு யாரும் பயந்து விட வேண்டாம். அரிதான நோய் என்பதால்தான் வந்தவர்களுக்கு அது இன்னதென்று தெரியாமல் போகிறது. தெரியாமையால் காலம் கடந்து விடுகிறது.

புழு எங்கே வாழ்கிறது?

இந்நோய்க்கு ஹைடாடிட் நோய் என்று பெயர். இதற்குக் காரணம் எக்கினோகொக்கஸ் என்னும் நாடாப்புழு. நாடாப்புழு என்றதும் முழக் கணக்கில் நீண்ட ஒன்றை நினைத்து விடாதீர்கள். இது சில மில்லிமீற்றர் நீளமே உள்ளது. ஓர் அரிசி மணியை விடப் பெரிதல்ல. இது நாயின் குடலில் வாழ்கிறது. நாய்க்குப் பெரும்பாலும் ஒரு சுகவீனமும் தெரியாது. ஆனால் அதன் மலத்தோடு புழுவின் முட்டைகள் வெளியே வந்து மண்ணிலும் புல்லிலும் கலக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த முட்டைகள் ஈரமான, குளிர்ந்த மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும்.

அந்தப் புல்லை ஆடோ மாடோ மேய்கிறது. முட்டை அதன் குடலில் பொரித்து, இரத்தத்தில் கலந்து, ஈரலுக்கோ நுரையீரலுக்கோ சென்று நீர்ப்பையாக வளர்கிறது. நீங்கள் ஈரலில் கண்ட குமிழி அதுவாக இருக்கலாம். அந்தப் பைக்குள் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் புழுவின் சிறு தலைகள் உருவாகி இருக்கும். அதை ஒரு நாய் தின்றால் ஒவ்வொரு தலையும் நாயின் குடலில் ஒரு புழுவாக வளரும். ஏறக்குறைய ஆறு ஏழு வாரங்களில் அந்த நாய் முட்டையிடும் புழுக்களைச் சுமந்து கொண்டு ஊரெல்லாம் திரியும்.

நாயிலிருந்து ஆட்டுக்கு, ஆட்டிலிருந்து நாய்க்கு. இதுதான் அதன் வட்டம். மனிதன் இந்த வட்டத்தில் இல்லாதவன். தற்செயலாக முட்டையை விழுங்கும்போது, ஆட்டின் உடலில் நடப்பது மனித உடலிலும் நடந்து விடுகிறது.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்லி விடுகிறேன். இறைச்சியையோ ஈரலையோ உண்பதால் மனிதருக்கு இந்நோய் வருவதில்லை. ஈரலில் உள்ள பை, நாய்க்குத்தான் புழுவைக் கொடுக்கிறது. நமக்கு நோயைக் கொடுப்பது நாயின் மலத்தில் உள்ள முட்டை. எனவே ஈரல் கறியைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த ஈரலின் கழிவு எங்கே போகிறது என்பதையே கவனிக்க வேண்டும்.

சிறுநீரகத்துக்கு எப்படிப் போகிறது?

நம் குடலில் பொரித்த குஞ்சு இரத்தத்தோடு முதலில் செல்வது ஈரலுக்கு. ஈரல் ஒரு வடிகட்டி மாதிரி. பெரும்பாலானவை அங்கேயே தங்கி விடுகின்றன. நோயாளிகள் நூறு பேரில் சுமார் எழுபது பேருக்கு ஈரலில்தான் பை உண்டாகிறது. அதைத் தாண்டுபவை நுரையீரல் என்னும் இரண்டாவது வடிகட்டியில் சிக்குகின்றன. இரண்டையும் தாண்டிய மிகச் சிலவே மற்ற உறுப்புகளை அடைகின்றன. சிறுநீரகத்தில் பை உண்டாவது நூறு பேரில் இரண்டு அல்லது மூன்று பேருக்குத்தான்.

நம் நாட்டில் சிறுநீரக நோய் என்றால் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளைப் பீடித்திருக்கும் நோய்தான் எல்லோருக்கும் நினைவு வரும். இது அதுவல்ல. எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் பழுதாவதும் வேறு. அது பற்றீரியாக் கிருமியால் திடீரென வருவது. ஹைடாடிட் பை சத்தமில்லாமல், வருடக் கணக்கில் மெல்ல மெல்ல வளர்வது. பிள்ளைப் பருவத்தில் விழுங்கிய முட்டை, பிள்ளை பெற்ற வயதில் தன்னைக் காட்டுவதும் உண்டு.

நம் நாட்டில் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் குறைவு. 1950களிலேயே நமது ஒட்டுண்ணியியல் அறிஞர் ஏ. எஸ். திசாநாயக்க இலங்கைப் பிராணிகளில் காணப்படும் இந்த நீர்ப்பைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டுக் காட்டுப் பிராணிகளிடமும் இது இருப்பது எழுதப்பட்டது. மனிதரிலும் அவ்வப்போது நோயாளிகள் கண்டறியப்பட்டு வந்துள்ளனர்.

ஆடு அதிகமாக வளர்க்கப்படும் துருக்கி, ஈரான், ஈராக், மொரோக்கோ, துனீசியா போன்ற நாடுகளில் இது பரவலாக உள்ள நோய். நம் சகோதரிகள் எத்தனையோ பேர் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து திரும்பியிருக்கிறார்கள். அங்கே ஆட்டுப்பட்டியோ நாயோ உள்ள வீட்டில் இருந்தவர்கள், என்றைக்காவது ஸ்கேனில் நீர்ப்பை என்று சொல்லப்பட்டால், "நான் இன்ன நாட்டில் இத்தனை வருடம் இருந்தேன்" என்று டொக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாது. நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தை சரியான பரிசோதனைக்கு வழி காட்டும்.

"எங்கள் வீட்டில் நாயே இல்லையே!"

இப்படி நீங்கள் கேட்பது நியாயம். நம் வீடுகளில் நாய் வளர்ப்பது அரிது. ஆனால் வத்தேகமயிலும் மடவளையிலும் தெரு நாய் இல்லாத சந்தி எது? இறைச்சிக் கடைப் பக்கம் தின்றுவிட்டு, இரவில் நம் தோட்டத்தில் அசிங்கம் பண்ணிவிட்டுப் போகும் நாய்க்கு வீட்டு எல்லை தெரியுமா? மலைச்சரிவில் வீடு உள்ளவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மேல் வளவில் கிடப்பதை மழை கீழ் வளவுக்குக் கொண்டு வந்து விடும்.

நாய் நக்கிய பாத்திரத்தை மண் கலந்த நீரால் ஒரு தடவை உட்பட ஏழு தடவை கழுவுபவர்கள் நாம். அந்தப் பேணுதல் நம் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே நாய் நடமாடிய பாத்தியிலிருந்து பறித்த வல்லாரையை ஒரு தடவை அலசி, அரிந்து, தேங்காய்ப்பூவும் எலுமிச்சையும் சேர்த்துப் பச்சையாகச் சம்பல் வைத்து விடுகிறோம். பாத்திரத்தில் காட்டும் கவனத்தைக் கீரையிலும் பிள்ளைகளின் கையிலும் காட்டினால் பாதிப் பாதுகாப்பு கிடைத்து விடும்.

பச்சையாக உண்ணும் கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் பல தடவை கழுவுங்கள். உப்பு நீரையும் வினாகிரியையும் நம்பியிருக்க வேண்டாம். இந்த முட்டைகளின் ஓடு தடிப்பானது. அவற்றை அழிப்பது சூடுதான். சந்தேகமான இடத்துக் கீரையைச் சுண்டிச் சாப்பிடுவதே மேல். மண்ணில் விளையாடி வந்த பிள்ளைகளின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நகங்களை வெட்டி விடுங்கள். திறந்த கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

அறிகுறிகள் என்ன?

பல வருடங்களுக்கு எதுவுமே தெரியாமல் இருக்கலாம். வேறு ஏதோ காரணத்துக்காக, சில வேளை கர்ப்ப காலத்தில், ஸ்கேன் செய்யும்போது தற்செயலாகப் பை தென்படும். பை பெரிதானால் விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக ஒரு மந்தமான வலி அல்லது கனம் இருக்கும். கையால் தடவும்போது கட்டி போல் தட்டுப்படலாம். சிறுநீரில் இரத்தம் கலந்து போகலாம். பையில் சீழ் பிடித்தால் காய்ச்சல் வரும்.

இந்நோய்க்கே உரிய அடையாளம் ஒன்று உண்டு. பை உடைந்து சிறுநீர்க் குழாய்க்குள் திறந்து கொண்டால், முந்திரிப்பழத்தின் தோலை உரித்தது போன்ற மெல்லிய வெண்ணிறத் தோல்கள் சிறுநீரோடு வெளியேறும். அப்போது கல் இறங்குவது போன்ற கடும் வலியும் இருக்கலாம். அப்படி ஏதும் வெளியேறினால் வெட்கப்பட்டுக் கழுவி ஊற்றி விடாதீர்கள். சுத்தமான போத்தல் ஒன்றில் எடுத்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த ஸ்கேனும் சொல்லாததை அது சொல்லி விடும்.

அதே நேரம், ஸ்கேன் அறிக்கையில் "சிறுநீரகத்தில் சிஸ்ட்" என்று எழுதியிருந்தால் அது ஹைடாடிட் என்று நீங்களாக முடிவு கட்டி விடாதீர்கள். வயது ஏற ஏறச் சாதாரண நீர்ப்பைகள் பலருடைய சிறுநீரகத்தில் காணப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தே தேவைப்படாது. பையின் சுவர் தடித்திருக்கிறதா, ஒரு பெரிய பைக்குள் பல சிறு பைகள் இருக்கின்றனவா, ஓரத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்பவற்றைப் பார்த்தே டொக்டர் பிரித்தறிவார். தேவையானால் சீ.டி. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்வார். சிறுநீரகத்தில் மட்டும் பை இருக்கும்போது இரத்தப் பரிசோதனை சில வேளை நோய் இல்லை என்று காட்டி விடும். அதனால் அதை மட்டும் வைத்துக் கொண்டு ஆறுதல் அடையவும் கூடாது.

செய்யக் கூடாதவை இரண்டு

விலாப்பக்கத்தில் கட்டி போலத் தட்டுப்பட்டால் எண்ணெய் போட்டு உருவி விடுவது நம் ஊர்களில் வழக்கம். இதை ஒருபோதும் செய்யக் கூடாது. பை உள்ளே உடைந்தால் அதன் நீர் உடலில் கலந்து, மேலெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம். சிந்திய நீரிலுள்ள சிறு தலைகள் வேறு இடங்களில் புதிய பைகளாக முளைக்கவும் கூடும். பை இருப்பது தெரிந்தவர் கீழே விழுந்தோ அடிபட்டோ இத்தகைய அறிகுறிகள் தோன்றினால் தாமதியாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள். அது இலவசச் சேவை. இதே காரணத்துக்காகத்தான், எந்தப் பை என்று தெரியாமல் ஊசி போட்டு நீரை எடுக்கவும் டொக்டர்கள் தயங்குவார்கள். "ஒரு ஊசியால் எடுக்கிறதை ஏன் இழுத்தடிக்கிறார்கள்?" என்று அவர்களை நெருக்க வேண்டாம்.

இரண்டாவது, கடையில் வாங்கும் பூச்சி மாத்திரையைத் தானாகவே தொடர்ந்து விழுங்குவது. இந்நோய்க்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் நம் பிள்ளைகளுக்குப் பூச்சிக்குக் கொடுக்கும் மருந்துதான். ஆனால் ஒரு மாத்திரையால் இந்தப் பை கரையாது. மாதக் கணக்கில் சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிடும்போது அது ஈரலைப் பாதிக்கலாம், இரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைக்கலாம். ஆகவே இடையிடையே இரத்தம் பரிசோதித்துக் கொண்டு, டொக்டரின் பொறுப்பில்தான் எடுக்க வேண்டும்.

சிகிச்சை எப்படி?

வத்தேகம ஆஸ்பத்திரியில் காட்டினால், தேவைக்கேற்பக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் தருவார்கள். பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் ஒரு உறையில் போட்டு, கையோடு கொண்டு போங்கள். பை வளர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை அறியப் பழைய படத்தைப் போல உதவுவது வேறில்லை.

எல்லாப் பைகளையும் வெட்டி எடுப்பதில்லை. உள்ளே புழு செத்து, சுண்ணாம்பு படிந்து, தொல்லை தராமல் கிடக்கும் பையைக் காலத்துக்குக் காலம் ஸ்கேன் செய்து பார்த்துக் கொண்டாலே போதும் என்று டொக்டர் சொல்லலாம். அது கவனயீனம் அல்ல, அதுவும் ஒரு சிகிச்சை முறையே. உயிருள்ள, பெரிய பையாக இருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். பெரும்பாலும் பையை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே முயல்வார்கள். சிறுநீரகம் முழுவதும் பழுதாகி விட்ட நிலையில்தான் அதை எடுக்க நேரிடும். காலத்தோடு போவதும் தாமதித்துப் போவதும் வேறுபடுவது இங்கேதான். அறுவைக்கு முன்னும் பின்னும் அல்பெண்டசோல் கொடுப்பது வழக்கம். அதன் பிறகும் சில வருடங்களுக்கு ஸ்கேன் செய்து வர வேண்டும். சுகமாகி விட்டதென்று கிளினிக் போவதை நிறுத்தி விடக் கூடாது.

பெண்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ இம்மருந்தைத் தொடங்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்து சாப்பிடும் காலத்தில் கருத்தரிப்பதைத் தள்ளிப் போட வேண்டும். பால் கொடுப்பவர்களும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். கொழுப்புச் சத்துள்ள உணவோடு சாப்பிட்டால்தான் இம்மருந்து உடலில் நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் விழுங்குவதால் பயன் குறைந்து விடும். நோன்பு காலம் வந்தால் நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம். இரண்டு வேளை மருந்தை சஹரிலும் நோன்பு திறக்கும் வேளையிலும் சாப்பாட்டோடு எடுக்கலாமா என்று டொக்டரைக் கேளுங்கள். உடல் இடங்கொடாதவருக்கு நோன்பைப் பிறகு கழாச் செய்யும் சலுகை இருக்கிறதே.

ஊர் வாய்க்கு அஞ்சலாமா?

சகோதரிகளே, மருந்தை விடவும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இது நாயிலிருந்து வரும் நோய் என்று தெரிந்ததும் நம்மிடையே என்ன பேச்சு எழும்? "அந்தப் பிள்ளை எங்கே போய் நாயோடு பழகினாள்?" என்று கேட்கத் தயங்க மாட்டார்கள். கலியாணம் பேசும் வயதுப் பெண் என்றால், உம்மாவே "வெளியில் சொல்லாதே" என்று வாயை அடைத்து விடுவாள். மறைத்து வைத்த நோய் உள்ளே வளர்கிறது. இறுதியில் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு சிறுநீரகம் போய் விடுகிறது.

கழுவாத ஒரு கீரையிலையோ, மண் படிந்த ஒரு சிறு கையோ போதும் இந்நோய் வருவதற்கு. அதில் நோயாளியின் ஒழுக்கக் குறைவோ அசுத்தமோ எங்கே இருக்கிறது? இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஒரே கோப்பையில் குடிக்கலாம், ஒரே கட்டிலில் படுக்கலாம். கணவனுக்கோ பிள்ளைக்கோ அவளிடமிருந்து வராது. இப்படியொரு நோயாளி உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவளுக்குப் பக்கத் துணையாக இருங்கள். அவளுடைய கோப்பையைத் தனியாக்கி வைக்காதீர்கள்.

ஒரு சிறு நூல் செய்த வேலை

இந்நோயை ஒழிக்க முடியுமா? முடியும் என்று உலகுக்குக் காட்டிய நாடு ஐஸ்லாந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு மக்களிடையே இந்நோய் மிகப் பரவலாக இருந்தது. 1863இல் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராபே என்ற அறிஞர் அங்கு சென்று நாய்களை ஆராய்ந்தார். அறுக்கும் ஆடுகளின் நீர்ப்பைகளை நாய்களுக்குப் போடுவதே காரணம் என்பதை மக்களுக்கு விளக்க, மறு வருடம் ஒரு சிறு நூல் வெளியிடப்பட்டு வீடுகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. எழுத வாசிக்கத் தெரிந்த அம்மக்கள் அதைப் படித்தார்கள், படித்தபடி நடந்தார்கள். 1869இல் நாய்கள் பற்றிய சட்டமும் வந்தது. அன்று அல்பெண்டசோல் கிடையாது, ஸ்கேன் கிடையாது. ஆனாலும் காலப்போக்கில் நோய் அந்நாட்டை விட்டே போய் விட்டது. நியூசிலாந்தும் பல்லாண்டு முயற்சிக்குப் பின் 2002இல் இதே நிலையை எட்டியது.

வீட்டில் இருப்பவர்கள் படித்துத் தெரிந்து, கழிவை நாய்க்குப் போடாமல் விட்டதே அங்கே பெரிய மருந்தாயிற்று. நாமும் அதைச் செய்யலாம் அல்லவா?

உழ்ஹிய்யா நாளில்

அறுப்பது ஆண்கள். ஆனால் ஈரலும் குடலும் வந்து சேர்வது நம் கைகளுக்கு. அவற்றின் கழிவு எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் நாம்தான். எனவே இவற்றை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஈரலில் பச்சை நிறமாகத் தொங்குவது பித்தப்பை. அது இயற்கையானது. வெண்மையாக, சுவர் தடித்து, தெளிந்த நீரோடு இறுகி இருப்பதுதான் சந்தேகத்துக்குரியது. எல்லா நீர்ப்பையும் ஹைடாடிட் அல்ல. ஆனாலும் எந்த நீர்ப்பையையும் நாய்க்குப் போடாதீர்கள். அதைக் குத்தி உடைக்காமல், சுற்றியுள்ள பகுதியோடு வெட்டி எடுங்கள். ஈரல் முழுவதும் பைகளாக இருந்தால் முழுவதையும் ஒதுக்கி விடுங்கள். பிள்ளைகள் விளையாட எடுக்க விடாதீர்கள்.

அறுப்பதற்கு முந்திய தினமே குழியைத் தோண்டி வைக்கச் சொல்லுங்கள். நாய் கிளற முடியாதபடி மூன்று அடி ஆழமாவது இருக்கட்டும். கிணற்றுக்கும் ஓடைக்கும் தூரமாக இருக்க வேண்டும். கழிவைப் போட்டு மண்ணால் மூடி, மேலே பாரமான கற்களை வையுங்கள். பள்ளிவாசலில் கூட்டாக அறுப்பதானால், நிர்வாகத்தினர் ஊரின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு முன்கூட்டியே பேசிக் கொள்வது நல்லது. இந்த விஷயத்தை உங்கள் வாப்பாவிடமோ கணவரிடமோ சொல்லிப் பள்ளிவாசல் வரை கொண்டு போகச் செய்யலாம்.

நாய்க்கு ஏதேனும் கொடுக்க மனம் விரும்பினால், நோயில்லாத மிச்சங்களை அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் கொடுங்கள். ஊரில் நாய் வளர்ப்பவர்கள் இருந்தால், மிருக வைத்தியரிடம் காட்டி நாடாப்புழுவுக்கான மருந்தைக் காலந் தவறாமல் கொடுக்கும்படி சொல்லுங்கள். நாய்க்குப் புழுவைக் கொடுப்பது நாம் எறியும் துண்டு. நமக்கு நோயைத் திருப்பித் தருவது அந்த நாய். நாம் எறிவதை நிறுத்தினால் அதனிடம் திருப்பித் தர எதுவும் இருக்காது.

இவ்வருடப் பெருநாளுக்கு இறைச்சிப் பையும் கத்தியும் தயார் செய்யும்போது, மண்வெட்டியையும் ஞாபகமாக எடுத்து வையுங்கள். அந்தக் குழி மூடப்படும் வரை பின் வாசலைச் சாத்தி வையுங்கள்.